மைக்ரோபயோம்: ஒரு சொல்லின் கதை

சென்ற பருவத்தில் ஒரு நாள் வெப்பவியல் வகுப்பை முடித்துவிட்டுக் கரும்பலகையை அழித்துக்கொண்டிருந்தேன். மாணவன் ஒருவன் அருகில் வந்து காலியான மாத்திரை அட்டை ஒன்றை நீட்டினான். அவனுடைய பாட்டிக்கு மருந்துக்கடையில் கொடுத்தது. அட்டையின் மேல், பெரிய எழுத்தில், அது உடலின் ‘மைக்ரோபயோ’மைச் சீராக்கும் என்று அச்சிட்டிருந்தார்கள். “சார், மைக்ரோபயோம் என்றால் என்ன சார்?” என்றான்.

இயற்பியல் ஆசிரியனிடம் கேட்கவேண்டிய கேள்வியா இது என்று நீங்கள் நினைக்கலாம். ஆனால் எங்கள் கல்லூரி போன்ற இடங்களில் மாணவருக்கு யார் அகப்படுகிறாரோ அவரே எல்லாத் துறைக்கும் ஆசிரியர். நானும் சளைக்காமல் பதில் சொன்னேன். “மைக்ரோ என்றால் நுண்ணிய, பயோ என்றால் உயிர். நம் உடம்பில் வாழும் நுண்ணுயிர்கள் என்று பொருள். நம் உடம்பிலுள்ள செல்களைப்போல் பத்து மடங்கு நுண்ணுயிர்கள் நம்மிடம் இருக்கின்றன” என்றேன். அவனும் திருப்தியுடன் போய்விட்டான்.

அன்று மாலை ஐயம் வந்து நூலகத்தில் உட்கார்ந்து பார்த்தபோது தெரிந்தது, நான் சொன்ன இரண்டு வாக்கியங்களில் முதலாவது அரைகுறை, இரண்டாவது தவறு. இயற்பியலில் ‘விசை’ என்னும் சொல்லுக்கும் ‘ஆற்றல்’ என்னும் சொல்லுக்கும் உள்ள வேறுபாட்டைக் குழப்பிய மாணவனுக்கு நான் மதிப்பெண் குறைப்பவன். எனக்கு நானே எத்தனை மதிப்பெண் குறைத்துக்கொள்வது? அந்தக் கடனைத் தீர்க்கவே இக்கட்டுரை.

சொல்லை எங்கே வெட்டுவது?

ஒரு சொல்லின் பொருளை அறிய அதைப் பிரித்துப் பார்ப்பது நம் பழக்கம். ஆனால் ‘மைக்ரோபயோம்’ என்பதை எந்த இடத்தில் பிரிக்கவேண்டும்? இங்கேதான் சிக்கலே இருக்கிறது.

‘மைக்ரோ’ என்றும் ‘பயோம்’ என்றும் பிரிக்கலாம். ‘பயோம்’ என்பது சூழலியலார் சொல். அமெரிக்கத் தாவரவியலார் ஃபிரெடரிக் கிளெமென்ட்ஸ் 1916-ல் இதனை வழக்கிற்குக் கொண்டுவந்தார். ஓரிடத்தில் சேர்ந்து வாழும் தாவரங்களும் விலங்குகளும் அடங்கிய சமுதாயத்தை அவர் அப்பெயரால் குறித்தார். பிற்காலத்தில் அச்சொல் இன்னும் விரிந்து, பாலைவனம், வெப்பமண்டல மழைக்காடு, புல்வெளி போன்ற பெரும் நிலப்பகுதிகளை, அவற்றின் தட்பவெப்பத்தோடும் உயிர்களோடும் சேர்த்துக் குறிக்கலாயிற்று. இவ்வாறு பிரித்தால் ‘மைக்ரோபயோம்’ என்பது ‘ஒரு குறு நிலம்’. அதில் உயிரும் உண்டு, இடமும் உண்டு.

அல்லது ‘மைக்ரோப்’ என்றும் ‘ஓம்’ என்றும் பிரிக்கலாம். ‘மைக்ரோப்’ என்பது நுண்ணுயிர். இது 1878-ல் பிறந்த சொல். சார்ல் செடியோ என்ற பிரெஞ்சு அறுவை மருத்துவர், அதுவரை ஒவ்வொருவரும் ஒவ்வொரு பெயரால் அழைத்துவந்த அந்தச் சிற்றுயிர்களுக்கெல்லாம் ஒரே பெயராக இதை முன்மொழிந்தார். அகராதி தொகுத்த லித்ரே என்னும் பேரறிஞரிடம் காட்டி ஒப்புதலும் பெற்றார். கிரேக்க இலக்கணப்படி அச்சொல்லுக்குக் ‘குறுகிய ஆயுளுடையது’ என்றும் பொருள் வரக்கூடும். அது தெரிந்தே அதை ஏற்றுக்கொண்டார்கள். நல்ல சொல் தன்னைத்தானே காத்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டார்கள் போலும்.

‘ஓம்’ என்ற வாலின் கதை இன்னும் வேடிக்கையானது. 1920-ல் ஹான்ஸ் விங்க்லர் என்ற ஜெர்மானியத் தாவரவியலார் ‘ஜீனோம்’ என்ற சொல்லை ஆக்கினார். ‘ஜீன்’ என்பதன் தலையையும் ‘குரோமோசோம்’ என்பதன் வாலையும் ஒட்டி உண்டாக்கியது அது என்பதே பலரும் கூறும் விளக்கம். நாம் அதை மரபணுத்தொகுதி என்கிறோம். ‘குரோமோசோ’மின் வாலில் இருந்தது ‘சோம’ என்ற கிரேக்கச் சொல். உடல் என்று பொருள். வெட்டி ஒட்டும்போது அதன் முதலெழுத்து காணாமற்போய், வெறும் ‘ஓம்’ மட்டும் மிஞ்சியது. பிறகு அந்த வாலுக்கு ‘எல்லாம் சேர்ந்த தொகுதி’ என்ற புதுப்பொருள் ஏறிவிட்டது. புரதங்களின் தொகுதி ‘புரோட்டியோம்’ என்றாற்போல, எதையும் தொகுத்து ‘ஓம்’ போடும் பழக்கம் உயிரியலில் பரவியது. இந்த வழியில் போனால் ‘மைக்ரோபயோம்’ என்பது நுண்ணுயிர்களின் மொத்தத் தொகை. இன்னும் ஒரு படி போனால், ‘ஜீனோ’மின் நினைவால், நுண்ணுயிர்களின் மரபணுக்களின் மொத்தத் தொகை.

ஆக, ஒரே சொல். ஒரு பக்கம் வெட்டினால் ஊர் கிடைக்கிறது. இன்னொரு பக்கம் வெட்டினால் ஊராரின் பெயர்ப்பட்டியல் கிடைக்கிறது. ஊரும் பட்டியலும் ஒன்றா?

யார் முதலில் சொன்னது?

பல நூல்களில் இச்சொல்லை 2001-ல் ஜோஷுவா லெடர்பெர்க் உண்டாக்கினார் என்று காண்பீர்கள். லெடர்பெர்க் பெரிய மனிதர். பாக்டீரியாக்களும் தம்முள் மரபுப்பொருளைப் பரிமாறிக்கொள்கின்றன என்று 1946-ல் டேட்டம் என்பவருடன் சேர்ந்து காட்டியவர். அப்போது அவருக்கு வயது 21. நோபல் பரிசு பெற்ற 1958-ல் வயது 33. புதுச்சொற்கள் படைப்பதிலும் வல்லவர். ‘பிளாஸ்மிட்’ என்பது அவர் தந்த சொல்தான். 2001-ல் அவரும் அலெக்சா மெக்ரே என்பவரும் ‘ஓம்’ என்று முடியும் சொற்களின் வரலாற்றை ஒரு சிறு கட்டுரையாக எழுதினார்கள். அதில் மைக்ரோபயோம் என்பதற்கு, நம் உடலை நம்மோடு பங்கிட்டுக்கொண்டு வாழும் நுண்ணுயிர்களின் சூழலியல் சமுதாயம் என்று விளக்கம் தந்தார்கள். நன்மை செய்வன, தீமை செய்வன, இரண்டும் செய்யாதன ஆகிய மூவகையும் அதில் அடக்கம். நோயைப் பற்றிப் பேசும்போது இந்தக் குடியிருப்பாளரை மருத்துவம் பெரும்பாலும் மறந்துவிட்டது என்பதே அவருடைய குறை.

ஆனால் அச்சொல் அவருக்கு முன்பே அச்சில் இருந்தது. 1952-ல் ஜே. எல். மோர் என்பவர், நீர் மாசடைந்திருப்பதை அதிலுள்ள ஒருசெல் உயிர்களைக்கொண்டு அறிவது பற்றிய கட்டுரையில் அதைக் கையாண்டிருக்கிறார். ஒரு சூழலில் காணப்படும் நுண்ணுயிர்கள் என்ற பொருளில் அவர் எழுதினார். யாரும் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை.

1988-ல் இங்கிலாந்தில் விப்ஸ், லூயிஸ், குக் ஆகிய மூவர் மீண்டும் அதைப் பயன்படுத்தினார்கள். இவர்கள் மருத்துவர்கள் அல்லர்; பயிர்நோய் ஆராய்பவர்கள். ஒரு பூஞ்சையைக்கொண்டு இன்னொரு பூஞ்சையை அடக்கிப் பயிரைக் காக்க முடியுமா என்பது அவர்கள் கவலை. வேரைச் சுற்றியுள்ள மண்ணில் வேலை செய்பவருக்கு ஒன்று நன்றாகத் தெரியும்: இடம் மாறினால் எல்லாம் மாறும். வேரை ஒட்டிய சில மில்லிமீட்டர் மண்ணில் உள்ள வாழ்க்கையே வேறு, அதற்கு அப்பால் உள்ள வாழ்க்கையே வேறு. அந்த வேர்சூழ் மண்ணுக்கு 1904-லேயே லோரென்ஸ் ஹில்ட்னர் என்ற ஜெர்மானியர் ‘ரைசோஸ்ஃபியர்’ என்று தனிப்பெயர் கொடுத்திருந்தார். ஆகவே அம்மூவரும் மைக்ரோபயோமை வரையறுக்கும்போது, ஓரளவு தெளிவான எல்லையும் தனக்கென இயற்பியல், வேதியியல் பண்புகளும் உடைய ஓர் இடத்தில் வாழும் நுண்ணுயிர்ச் சமுதாயம் என்றார்கள். அத்தோடு நிற்காமல், அந்த உயிர்கள் மட்டுமல்ல, அவை இயங்கும் அரங்கமும் சேர்ந்ததே மைக்ரோபயோம் என்றும் சொல்லிவைத்தார்கள்.

அரங்கம்! எனக்கு இந்த வரையறைதான் பிடித்திருக்கிறது. ‘இயற்பியல் பண்புகள்’ என்ற சொல் அதில் வருகிறது என்பதற்காக மட்டும் அல்ல.

ஏன் இவ்வளவு காலம் ஆயிற்று?

நுண்ணுயிர்கள் கூட்டமாக வாழ்வது 1988-ல் கண்டறிந்த செய்தி அன்று. 1683-ல் டெல்ஃப்ட் நகரத் துணி வணிகர் லூவன்ஹூக், தம் பற்களின் இடையில் இருந்த வெள்ளைப்பொருளைச் சுரண்டித் தாமே செய்த உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தார். நாள்தோறும் உப்பிட்டுப் பல் துலக்குபவர் அவர். அப்படியும், நெதர்லாந்து நாட்டு மக்கள்தொகையைவிடத் தம் வாயில் குடியிருக்கும் உயிர்கள் அதிகம் என்று இலண்டன் ராயல் கழகத்துக்கு எழுதினார். அவர் கண்டது ஒரு தனி உயிரை அல்ல. பல வடிவங்கள் கலந்து துள்ளும் ஒரு சமுதாயத்தை.

இருநூறு ஆண்டுகளுக்குப் பின் ராபர்ட் கோக் வந்தார். எந்தக் கிருமி எந்த நோயைத் தருகிறது என்று உறுதிசெய்ய, அதை மற்றவற்றிலிருந்து பிரித்துத் தனியாக வளர்க்கவேண்டும் என்றார். அகர் பசையும், 1887-ல் பெட்ரி என்பவர் வடித்த மூடியுள்ள கண்ணாடித் தட்டும் அதற்கு உதவின. காசநோய்க் கிருமியும் காலராக் கிருமியும் பிடிபட்டது இந்த முறையில்தான். இதன் வெற்றியை யாரும் மறுக்கமுடியாது. ஆனால் ஒவ்வொரு வெற்றிக்கும் ஒரு விலை உண்டு. ஊரைவிட்டுப் பிரித்துச் சிறையில் அடைத்த ஒரு மனிதனை மட்டும் பார்த்து ஊரின் இயல்பை எழுதுவதுபோல் நுண்ணுயிரியல் நெடுநாள் நடந்தது.

அதிலும் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. ஒரு சிட்டிகை மண்ணையோ ஒரு துளி ஏரி நீரையோ நுண்ணோக்கியில் வைத்து எண்ணினால் ஓர் எண்ணிக்கை வருகிறது. அதையே தட்டில் வளர்த்து எண்ணினால், பெரும்பாலும் அதில் நூற்றில் ஒரு பங்குகூட முளைப்பதில்லை. 1985-ல் ஸ்டேலி, கொனோப்கா என்ற இருவர் இதற்குத் ‘தட்டு எண்ணிக்கையின் பெரும் முரண்’ என்று பொருள்படும் பெயரே வைத்தார்கள். தட்டில் வளராததை எப்படி அறிவது? 1977-ல் கார்ல் வோஸ், ரைபோசோமில் உள்ள ஓர் ஆர்.என்.ஏ. மூலக்கூற்றின் எழுத்துவரிசையைக்கொண்டே உயிர்களை இனம்பிரிக்கலாம் என்று காட்டியிருந்தார். அதன் வழியே 1980-களில் நார்மன் பேஸ் முதலியோர், உயிரை வளர்க்காமலே, மண்ணிலிருந்தும் நீரிலிருந்தும் நேரே மரபுப்பொருளை எடுத்துப் படித்து அங்கு யார் யார் இருக்கிறார்கள் என்று அறியத் தொடங்கினார்கள். வாக்காளர் பட்டியல் கிடைத்துவிட்டது!

பட்டியல் படிக்கும் கருவிகள் மலிவாக, மலிவாக, சொல்லின் பொருளும் பட்டியல் பக்கமே சாய்ந்தது. 2007-ல் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் மனித மைக்ரோபயோம் திட்டத்தைத் தொடங்கின. ஐரோப்பாவிலும் இதுபோன்ற முயற்சி நடந்து, 2010-ல் 124 பேருடைய குடல் நுண்ணுயிர்களிலிருந்து 33 லட்சம் மரபணுக்கள் எண்ணப்பட்டன. மனிதனுடைய மரபணுக்களைப்போல் ஏறத்தாழ 150 மடங்கு. அதனால் மைக்ரோபயோம் என்றால் ‘நுண்ணுயிர்களின் மரபணுக்கள் அனைத்தும்’ என்றே பலரும் எழுதலானார்கள். உயிர்களைக் குறிக்க ‘மைக்ரோபயோட்டா’ என்ற வேறு சொல் இருக்கிறது என்பது அவர்கள் வாதம். இதற்கெல்லாம் முந்திய ‘மைக்ரோஃபுளோரா’ என்ற சொல்லை இன்றும் சில மருத்துவர்கள் சொல்வதுண்டு. ‘ஃபுளோரா’ என்றால் தாவரங்கள். பாக்டீரியாவைத் தாவரத்தோடு சேர்த்து எண்ணிய காலத்தின் எச்சம் அது.

பத்து மடங்கு என்ற கதை

இனி, வகுப்பில் நான் செய்த இரண்டாவது தவறு. செல்களைப்போல் பத்து மடங்கு நுண்ணுயிர்கள் என்ற எண்ணை நான் மட்டுமல்ல, உலகெங்கும் ஆய்வுக்கட்டுரைகளே பல்லாண்டு சொல்லிவந்தன. அதன் வேரைத் தேடிப்போனவர்கள் இஸ்ரேலின் வைஸ்மன் நிலையத்தைச் சேர்ந்த செண்டர், மிலோ ஆகியோரும், கனடாவைச் சேர்ந்த ஃபுக்ஸ் என்பவரும். தேடல் 1972-ல் லக்கி என்பவர் எழுதிய ஒரு கட்டுரையில் போய் நின்றது. அவர் போட்டது உறையின் பின்பக்கத்தில் போடும் கணக்கு. இயற்பியல்காரனாகிய எனக்கு இத்தகைய கணக்குகள்மேல் தனி அன்பு உண்டு. நீங்களும் ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கிராம் மலத்தில் ஏறத்தாழ 10,000 கோடி பாக்டீரியாக்கள். உணவுப்பாதையின் கொள்ளளவு 1 லிட்டர், அதாவது சுமார் 1,000 கிராம். பெருக்கினால் 100 லட்சம் கோடி. மனித உடலின் செல்கள் 10 லட்சம் கோடி என்று வைத்துக்கொண்டால், விகிதம் பத்துக்கு ஒன்று. கணக்கு சரி. பிழை எங்கே?

உணவுப்பாதை முழுவதும் ஒரே செறிவு இல்லை. இரைப்பையின் அமிலத்தில் மிகச் சிலவே பிழைக்கும், சிறுகுடலிலும் குறைவு. செறிந்து வாழ்வது பெருங்குடலில் மட்டும். அதில் உள்ள பொருளோ 400 கிராமை ஒட்டியது. அந்த மூவரும் 2016-ல் வெளியிட்ட கணக்கில், கிராமுக்கு 9,000 கோடி வீதம், 70 கிலோ எடையுள்ள இளைஞனுக்கு 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் என்று விடை வந்தது. செல்களையும் திரும்ப எண்ணினார்கள். அவை 10 அல்ல, 30 லட்சம் கோடி. அதில் 25 லட்சம் கோடி இரத்தச் சிவப்பணுக்களே. ஆக விகிதம் ஏறத்தாழ ஒன்றுக்கு ஒன்றுதான். இத்தனை பாக்டீரியாக்களின் மொத்த எடை 200 கிராம். இரண்டு மாம்பழம்கூட வராது.

இந்தத் திருத்தத்தால் நுண்ணுயிர்களின் மதிப்பு குறைந்துவிடவில்லை. ஆனால் கவனியுங்கள்: லக்கி கணக்கில் தவறியது எங்கே? உயிர்களை எண்ணினார், அவை வாழும் இடத்தைச் சரியாக அளக்கவில்லை. பட்டியலைப் பார்த்தவர் அரங்கத்தை மறந்தார்.

இட்லி மாவும் பல் சொத்தையும்

அரங்கம் என்பதை விளங்கிக்கொள்ள நம் அடுக்களைக்கே போகலாம். இரவில் அரிசியும் உளுந்தும் ஆட்டி, உப்பிட்டுக் கரைத்து வைக்கிறோம். காலையில் மாவு பொங்கி நிற்கிறது. ரொட்டிக்குச் சேர்ப்பதுபோல் ஈஸ்ட் எதையும் நாம் சேர்ப்பதில்லை. 1965-ல் வெளியான ஓர் ஆய்வு, மாவைப் பொங்கவைக்கும் முதன்மையான பாக்டீரியா லூகோனோஸ்டாக் மெசென்டராய்டஸ் என்று காட்டியது. அது தானியத்தோடும் பருப்போடும் இயற்கையாகவே வருகிறது. அது வெளியிடும் கரியமில வாயு மாவை உப்பவைக்கிறது. அமிலம் மாவைப் புளிக்கவைக்கிறது. அமிலம் ஏற ஏற, அமிலத்தைத் தாங்கும் வேறு பாக்டீரியாக்கள் அடுத்த முறைக்கு வந்துவிடுகின்றன. முதலில் வந்தவை தாம் உண்டாக்கிய புளிப்பினாலேயே பின்னுக்குப் போகின்றன.

இப்போது சொல்லுங்கள், மாவின் மைக்ரோபயோம் எது? பாக்டீரியாக்கள் மட்டுமா? அந்தப் புளிப்பு, உளுந்தின் கொழகொழப்பு, அதில் அகப்பட்ட வாயுக்குமிழ்கள், உப்பு, இரவின் வெப்பநிலை இவையெல்லாம் வெளியே நிற்பவையா? மார்கழிக் குளிரில் மாவு பொங்குவதில்லை என்று உங்கள் வீட்டில் அலுத்துக்கொள்வது எதை? பட்டியல் மாறவில்லை, அரங்கம் மாறியிருக்கிறது என்பதைத்தான்.

பல் சொத்தையும் இதே பாடம்தான், கொஞ்சம் கசப்பான பாடம். பல்லின் மேல் படியும் நுண்ணுயிர்ப் படலம் எல்லாருக்கும் உண்டு. சர்க்கரை அடிக்கடி கிடைக்கும்போது அதிலுள்ள சில பாக்டீரியாக்கள் அதை அமிலமாக்குகின்றன. அமில அளவைக் காட்டும் பி.எச். எண் சுமார் 5.5-க்குக் கீழே இறங்கினால் பல்லின் எனாமல் கரையத் தொடங்கும். அமிலத்தைப் பொறுக்காத இனங்கள் குறைகின்றன, பொறுப்பவை பெருகுகின்றன, அவை மேலும் அமிலத்தைத் தருகின்றன. வெளியிலிருந்து புதிய பகைவன் யாரும் வரவேண்டியதில்லை. இருந்தவர்களே, சூழல் மாறியதால், வேறு மாதிரி நடக்கிறார்கள். குடலில் சாதுவாக இருக்கும் எ. கோலை பாக்டீரியா சிறுநீர்ப்பாதையில் புகுந்தால் நோய் தருவதும் இந்த வகைதான்.

தமிழ் படித்தவர்களுக்கு இதில் புதுமை ஒன்றும் இல்லை என்று எனக்குத் தோன்றுவதுண்டு. தொல்காப்பியம் கூறும் திணை என்பது வெறும் நிலம் அன்று. நிலமும் பொழுதும் முதற்பொருள். அங்குள்ள உணவு, விலங்கு, மரம், பறை, தொழில் முதலியன கருப்பொருள். அங்கு நிகழும் ஒழுக்கம் உரிப்பொருள். மூன்றும் சேர்ந்தால்தான் முல்லை. மாடுகளை மட்டும் எண்ணிவிட்டு முல்லை என்று சொல்வதில்லை. தொல்காப்பியருக்குப் பாக்டீரியா தெரியும் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம்; ஓர் ஒப்புமைக்காகத்தான் சொன்னேன். ஆனால் விப்ஸ் குழுவினரின் வரையறையை ஆங்கிலம் வழியே படித்தபோது புரியாத ஒன்று, திணையை நினைத்ததும் எனக்குப் புரிந்துவிட்டது.

சொல் தவறினால் என்ன?

சொல்லாராய்ச்சியில் யாருக்கு என்ன நட்டம் என்று கேட்பவர்களுக்கு, மருத்துவத்திலிருந்து ஒரு செய்தி.

ஆன்டிபயாடிக் மருந்துகளை உட்கொண்டவர் சிலருக்குக் கடும் வயிற்றுப்போக்கு வருவதுண்டு. இதற்கு ஒரு முக்கியக் காரணம் கிளாஸ்ட்ரிடியாய்டஸ் டிஃபிசில் என்னும் பாக்டீரியா. மருந்து, நோய்க்கிருமியோடு குடலில் குடியிருந்த மற்றவற்றையும் அழித்துவிடுகிறது. காலியான இடத்தில் இது பெருகி நஞ்சை உமிழ்கிறது. இதற்கும் ஆன்டிபயாடிக் உண்டு, வான்கோமைசின் கொடுப்பார்கள். குணமாகும், மருந்தை நிறுத்தினால் சிலருக்குத் திரும்ப வரும், மீண்டும் மருந்து, மீண்டும் நோய். வயதானவர்கள் இதில் உயிரிழப்பதும் உண்டு. கிருமியைக் கொல், நோய் போகும் என்ற பழைய பாடம் இங்கே செல்லவில்லை.

2013-ல் நெதர்லாந்து மருத்துவர்கள் ஓர் ஆய்வின் முடிவை வெளியிட்டார்கள். இந்நோய் திரும்பத் திரும்ப வந்த 16 பேருக்கு, நோயற்றவர் ஒருவரின் மலத்தைக் கரைத்து வடிகட்டிய நீரைக் குழாய் வழியே சிறுகுடலில் செலுத்தினார்கள். முகத்தைச் சுளிக்காதீர்கள், முடிவைப் பாருங்கள். ஒரே முறையில் 13 பேர் குணமானார்கள். எஞ்சிய மூவருக்கு வேறொருவரிடம் பெற்றதைக் கொடுத்ததில் மேலும் இருவர் குணமானார்கள். வான்கோமைசின் மட்டும் பெற்ற 13 பேரில் நலமடைந்தவர் 4 பேரே. வேறுபாடு இவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வை இடையிலேயே நிறுத்திவிட்டார்கள்.

எப்படி இது நடக்கிறது? கல்லீரல் சுரக்கும் பித்த அமிலங்களைக் குடல் பாக்டீரியாக்கள் சில வேறு வடிவமாக மாற்றுகின்றன. மாறாத வடிவங்களில் சில, டிஃபிசிலின் உறங்கும் வித்துகளை எழுப்பிவிடுகின்றன. மாறிய வடிவமோ அதன் வளர்ச்சியைத் தடுக்கிறது. அந்த மாற்றும் வேலைக்காரர்கள் ஆன்டிபயாடிக்கால் அழிந்தபோது அரங்கத்தின் வேதியியலே மாறிவிட்டது. அவர்கள் திரும்பியபோது அதுவும் திரும்பியது. இதுவே முழுக்காரணம் அன்று; ஆயினும் முக்கியமான ஒன்று. வெறும் பெயர்ப்பட்டியலைப் பார்த்தால் இது தெரியாது. யார் எங்கே என்ன செய்கிறார் என்று பார்த்தால்தான் தெரியும்.

மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். 2019-ல் அமெரிக்காவில் இம்முறைச் சிகிச்சை பெற்ற ஒருவர், கொடையாளரின் மலத்தில் இருந்த, மருந்துக்குக் கட்டுப்படாத எ. கோலையால் இறந்துபோனார். அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் உடனே எச்சரிக்கை விடுத்து, கொடையாளர்களைக் கடுமையாகச் சோதிக்கச் சொன்னது. பிறகு 2022-ல்தான், சோதித்துத் தயாரித்த இத்தகைய மருந்து ஒன்றுக்கு முதன்முதலாக அனுமதி தந்தது. வீட்டில் செய்துபார்க்கும் வைத்தியம் அன்று இது.

2020-ல், ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரத்துப் பேராசிரியை கபிரியேலே பெர்க் முதலான பல நாட்டு அறிஞர்கள் ஒன்றுகூடி இந்தச் சொற்குழப்பத்தைத் தீர்க்க முயன்றார்கள். அவர்கள் 1988-ன் வரையறையையே தூசிதட்டி எடுத்தார்கள். பாக்டீரியா, ஆர்க்கியா, பூஞ்சை, பாசி, ஒருசெல் உயிர்கள் ஆகிய குடியிருப்பாளரைச் சேர்த்து ‘மைக்ரோபயோட்டா’ என்பது. அவர்களோடு அவர்கள் ஆக்கும் பொருள்கள், மரபுத் துணுக்குகள், சூழ்நிலை ஆகிய அரங்கத்தையும் சேர்த்தால் ‘மைக்ரோபயோம்’. வைரஸ் எந்தப் பக்கம்? அதை உயிர் என்பதா, இல்லையா என்ற பழைய வழக்கு இங்கேயும் வந்துவிட்டது. அவர்கள் அதை அரங்கத்தின் பக்கம் வைத்தார்கள், எல்லாரும் ஒப்பவில்லை. மரபணுத் தொகை என்ற பொருளில் எழுதுபவர்களும் இன்னும் இருக்கிறார்கள்.

தமிழில் இதற்கு ஒருவர் ‘நுண்ணுயிர்த்தொகுதி’ என்கிறார், ஒருவர் ‘நுண்ணுயிரியம்’ என்கிறார். முதலாவது பட்டியலுக்கு, அதாவது மைக்ரோபயோட்டாவுக்கே பொருந்தும் என்பது என் கருத்து. இடமும் உயிரும் செயலும் சேர்ந்தொலிக்க ‘நுண்திணை’ என்று சொன்னால் என்ன? வாசகர்கள் இதைவிட நல்லதொன்று கண்டால் எழுதுங்கள், ஏற்றுக்கொள்ளத் தடையில்லை.

அடுத்த வாரம் அந்த மாணவனைக் கூப்பிட்டு, முன்பு சொன்னது தவறு என்று ஒப்புக்கொண்டேன். அட்டையை அவன் இன்னும் பத்திரமாக வைத்திருந்தான். இருவரும் சேர்ந்து பின்பக்கத்துப் பொடியெழுத்தைப் படித்தோம். உள்ளே இருந்தது ஒரே ஓர் இன பாக்டீரியா, மாத்திரைக்கு 200 கோடி. “38 லட்சம் கோடியை 200 கோடியால் வகுத்துப் பார்” என்றேன். அங்கேயே நின்று வகுத்தான். விடை 19,000. “அப்படியானால் இது பயனில்லையா சார்?” என்றான். எண்ணிக்கை குறைவு என்பதனாலேயே பயனில்லை என்று சொல்லிவிட முடியாது, குறிப்பிட்ட நோய்க்குக் குறிப்பிட்ட பாக்டீரியா உதவுகிறதா என்பதை மருத்துவ ஆய்வுதான் சொல்லவேண்டும் என்றேன். சிறிது நேரம் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு, “அப்போ முன்பக்கம் போட்டிருக்கிற வார்த்தை இதுக்குள்ள இல்ல சார்” என்றான்.